பதினேழு நிமிடத்தில் ஒரு கோலம்

"இன்னைக்கு மூணு மணிக்கு மழை வரும். நல்லா ஊத்தட்டும். மழை விட்ட பதினேழாவது நிமிஷம், இந்த ரோட்டு நடுவுல என் பொண்டாட்டி கோலம் போடுவா. எழுதி வச்சுக்குங்க."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, செம்பாக்கா தாமான் குடியிருப்பின் மூன்றாவது லோரோங்கில், அதாவது மூன்றாவது தெருவின் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று முருகையா இப்படி அறிவித்தபோது, கூடாரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை நழுவவிட்டார்கள். பதினோராம் நம்பர் வீட்டுப் பூனை எழுந்து உள்ளே போய்விட்டது. தூரத்தில் ஜெராய் மலை, காதில் விழுந்ததை நம்ப முடியாமல், மேகத்தை இழுத்துத் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டது.

"மாப்ளே, எறங்கிருங்க. நாக்காலி என் கடைச் சரக்கு. இவ்வளவு பெரிய பொய்யத் தாங்காது," என்றார் சதாசிவம்.

சதாசிவம், முருகையாவின் மனைவி பிரேமாவதிக்கு அண்ணன். பாக்கார் ஆராங்கில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். முருகையா சொல்வது எதையும் நம்புவதில்லை என்பதை முப்பது வருடமாக விரதம்போல் கடைப்பிடிக்கிறார். சரவாக்கில் பாலம் கட்டப் போயிருந்தபோது, ஆற்றில் விழுந்த தன் டிபன் கேரியரை ஒரு முதலை கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்று முருகையா கதை சொன்ன நாளில் தொடங்கிய விரதம் அது.

"முதலைய நம்பல, சரி. இதையாவது நம்புங்க மச்சான். கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன்."

"எதுல போட்டீங்க?"

"நிச்சயதார்த்தப் பத்திரிகைக்குப் பின்னால."

"அதான பாத்தேன்," என்று சதாசிவம் தேநீரை உறிஞ்சினார்.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். தங்கை மகள் மாலாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சதாசிவம் நல்ல குளிர்சாதன மண்டபமாகப் பார்த்து ஏற்பாடு செய்திருந்தார். முருகையா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் புதன்கிழமை அதை ரத்து செய்துவிட்டார். மாலா இந்த லோரோங்கில் பிறந்தவள், இருபத்திரண்டு வீட்டுச் சோறும் தின்று வளர்ந்தவள், அவளுக்கு நிச்சயம் என்றால் இந்தத் தெருவில்தான் என்பது அவர் கட்சி.

கட்சி நல்ல கட்சிதான். தெருதான் கொஞ்சம் பள்ளம்.

கொஞ்சம் என்றால், மழை தொடங்கும்போது அடுப்பில் வைத்த காப்பி கொதிப்பதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் ஏழாம் நம்பர் வீட்டுச் சமையலறையில் கெளுத்தி பிடித்து, பிடித்த இடத்திலேயே குழம்பு வைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே பாக்கார் ஆராங் சந்தி வரை போய்த் திரும்பினார் என்றும் முருகையா சொல்வார். கட்டில் விஷயத்துக்கு மட்டும் சாட்சி கிடையாது.

மண்டபம் போன செய்தியைக் கேட்டு பிரேமாவதி கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் முருகையாவுக்குப் பயம்.

"சரி. தெருவிலேயே வைங்க. ஆனா சம்பந்தி கால் ஒரு சொட்டு நனைஞ்சாலும் அந்த மஞ்சச் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுல உக்காரணும். சங்கம், கூட்டம், லோங்காங், ஒண்ணும் கெடையாது."

முருகையா அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

இதில் அந்த மஞ்சள் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் எஞ்சினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முருகையா, முதல் ஆறு மாதம் வீட்டில் தொலைக்காட்சி மேசை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். பிறகு குடியிருப்பாளர் சங்கத்தில் சாலைக்கும் லோங்காங்குக்கும் பொறுப்பாளராகத் தொண்டு செய்ய வந்தார். லோங்காங் என்றால் வீட்டு முன் ஓடும் சாக்கடை. முருகையாவின் லோரோங்கில் அது ஓடாது என்பதுதான் பிரச்சினை. சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, முதுகில் சங்கத்தின் பெயர் போட்ட ஒரு மஞ்சள் கைவைக்காத சட்டை, கூட்டத்துக்கு இரண்டு கறிபாப் பலகாரம். அவ்வளவுதான்.

அந்தச் சட்டையைக் கழற்றுவதென்றால் அவருக்கு இரண்டாம் முறை ஓய்வு பெறுவது மாதிரி. ஒரு முறை பெற்றதே போதும் போதும் என்றாகிவிட்டது.

சட்டையின் பொத்தானை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு முருகையா நாற்காலியிலிருந்து இறங்கினார். எட்டு மணிக்கு நகராண்மைக் கழகத்தின் மண் தோண்டும் பேக்ஹோ வந்து சேர்ந்தது. நாற்பத்தொரு கடிதம் எழுதி வாங்கிய இயந்திரம். அவரைக் கேட்டால் நானூறு என்பார். செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டியது, வேறோர் இடத்தில் மண் சரிந்ததால் தள்ளிப்போய், கடைசியில் நிச்சயதார்த்த நாளன்றே கிடைத்தது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்குமேல் ஒரு நிமிடம் இல்லை.

ஓட்டிவந்தவர் பெயர் பிச்சை. பேசினால் டீசல் செலவாகும் என்று நினைப்பவர்.

"எங்க?" என்றார்.

"கடைசில. லோங்காங் முடியிற எடத்துல ஒரு குழாய் இருக்கு. அது அடைச்சிருக்கு. அதத் தோண்டிட்டா வேலை முடிஞ்சுது."

பிச்சை தோண்டினார். குழாய் தன் வயிற்றிலிருந்ததையெல்லாம் ஒப்படைத்தது. ஒரு சைக்கிள், இரண்டு தலையணை, ஒரு ரைஸ் குக்கர், பதினேழாம் நம்பர் வீட்டுக்காரர் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த தோட்டக் கத்தரிக்கோல். ஒவ்வொன்று வெளிவரும்போதும் தெரு கைதட்டியது. ஒன்பதரைக்குக் குழாயின் ஒரு வாயில் குனிந்து பார்த்தால் மறு வாயில் வெளிச்சம் தெரிந்தது.

"இப்ப பாருங்க," என்று முருகையா கையை உயர்த்தினார். தெருவின் தலைமாட்டில் நான்கு வீட்டுக் குழாய்களைத் திறந்துவிட்டார்கள்.

பத்து நிமிடம் தண்ணீர் ஓடியது. தெருவின் நடுவில், எப்போதும் நிற்கிற இடத்தில், எப்போதும்போல் நின்றது. கடைசிக் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை.

சதாசிவம் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"மண்டபத்துக்காரனுக்குப் போன் போட்டுப் பாத்தேன் மாப்ளே. யாரோ பிறந்த நாளுக்கு எடுத்துட்டாங்களாம். பலூன்கூட கட்டியாச்சாம்."

முருகையா பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்தார். தெருவைக் கட்டியபோது போட்டது. அதில் லோங்காங் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு அழகாகச் சரிந்து போகிறது. அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டார். பதினேழு நிமிடம் என்று வந்தது.

வரைபடத்தைப் பார்த்தேன், லோங்காங்கைப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு நேராகச் சிமெண்டுப் பலகை போட்டு அதை மூடி, மேலே காடி என்கிற காரை நிறுத்தி, பூந்தொட்டி வைத்து, சிலர் ஊஞ்சலும் போட்டிருந்தார்கள்.

"பிச்சை, எல்லா வீட்டுப் பலகையையும் தூக்குங்க," என்றார். பிறகு வீட்டைப் பார்த்து, "பிரேமா, அந்த ரோஸ் சிராப் போத்தல் எங்க?"

"ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல. விருந்தாளிக்கு வச்சது. எதுக்கு?"

எதுக்கு என்பதற்குப் பதில் வருவதற்குள் போத்தல் போய்விட்டது. கரண்டியோடு வெளியே ஓடிவந்த பிரேமாவதி கண்டது, பத்து மீட்டர் நீளமான, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தன் சிராப்பைத் தண்ணீரோடு கலந்து ஊற்றிக்கொண்டிருக்கும் கணவரை.

"கட்டடம் கட்டுறவன் கையில இருக்கிற பழைய வித்தை," என்று முருகையா சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினார். "ரெண்டு முனையையும் தூக்கிப் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். எங்க மேடு, எங்க பள்ளம்னு அது காட்டிக் குடுத்துரும். வெறுந் தண்ணி வெயில்ல தெரியாது. சிவப்பா இருந்தா எல்லாருக்கும் தெரியும். தண்ணி பொய் சொல்லாது."

"அதாச்சும் சொல்லாம இருக்கட்டும்," என்றார் சதாசிவம்.

"மாலா, ஒரு முனையப் பிடிம்மா."

"அப்பா, கையில மருதாணி காயலப்பா. சாயங்காலம் எனக்கு எங்கேஜ்மெண்ட். மறந்துட்டீங்களா?"

"விரல் நுனியில பிடி. ரெண்டே நிமிஷம்."

இரண்டு நிமிடம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. தலையில் சுருள் கிளிப்புகளோடும் விரித்த கைகளோடும் மாலா வீடு வீடாக நடந்தாள். முருகையா அளந்து, ஒவ்வொரு வீட்டு மதிலிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். கடைசி வீட்டில் தரை சரியாக இருந்தது. இருபதாம் நம்பரில் நான்கு விரல் மேடு. பதினெட்டில் ஐந்து விரல். பதினாறில் கொஞ்சம் இறங்கியது. பதினான்கில் சிவப்புத் தண்ணீர் ஒரேயடியாக எகிறியது.

"ஒரு சாண்," என்றாள் மாலா.

"சரியாப் பாரு."

"ஒரு சாண்தாம்பா. தெருவுலயே இதான் பெரிய மேடு."

இருபதாம் நம்பர் வீட்டு ரம்லி பாக்சிக், அதாவது ரம்லி மாமா, சங்கத்தின் செயலாளர். எஸ்டேட்டில் பிறந்தவராதலால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எஞ்சினியர், பதினாலு யார் வீடு?" என்று தெரியாதவர்போல் கேட்டார்.

பதினான்கு முருகையா வீடு.

அவர் கடப்பாரையை வாங்கித் தரையில் ஓர் இடி இடித்தார். மேலாக ஒரு சிமெண்டுக் கட்டி பெயர்ந்து வந்தது. அடியில் பழைய தரை, வரைபடத்தில் இருந்த அதே சரிவோடு, யாரோ மூடிவைத்த பழைய பாத்திரம்போல் பத்திரமாக இருந்தது. பெயர்ந்த கட்டியில் பச்சை டைல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. முருகையா திரும்பித் தன் வீட்டுப் போர்ச்சைப் பார்த்தார். அதே பச்சை டைல்.

போர்ச் போட்டபோது அவர் சரவாக்கில் இருந்தார்.

"அண்ணே," என்றார் பிரேமாவதி மெதுவாக. "போர்ச் வேலைய நீங்கதான நின்னு பாத்துக்கிட்டீங்க."

சதாசிவம் தேநீர்க் குவளைக்குள் எதையோ தேடினார்.

"தீபாவளிக்கு முந்தின வாரம். கலவை கொஞ்சம் மிஞ்சிருச்சு. நல்ல சிமெண்டு, கொட்டவா முடியும்? உங்க வாசல்ல தண்ணி நிக்கக் கூடாதேன்னு லோங்காங்குல கொஞ்சம் ஒசத்திப் போட்டேன். தங்கச்சிக்கு நல்லது செய்யத்தான."

"கொஞ்சம் இல்ல மச்சான். ஒரு சாண்."

"அண்ணன் மனசு பெரிசு," என்று யாரோ கூட்டத்தில் சொல்ல, தெருவே சிரித்தது.

சிரிப்பு அடங்குமுன் ரம்லி பாக்சிக் கையைத் தூக்கினார். "என் வீட்டு முன்னாடி போட்டது நாந்தான் எஞ்சினியர். ஹரி ராயா பெருநாளுக்கு டைல் மாத்தினேன். மிச்ச சிமெண்டு." பதினெட்டாம் நம்பர் லிம் தலையைச் சொறிந்துகொண்டு, தான் சீனப் புத்தாண்டுக்குப் போட்டதாக ஒப்புக்கொண்டார். பிறகு ஆளாளுக்கு ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்கள். தீபாவளி, ராயா, புத்தாண்டு. முப்பது வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கு முன்பும் ஒவ்வொரு வீடும் மிச்சக் கலவையால் தன் வாசலை மட்டும் உயர்த்திக்கொண்டு, மழைத் தண்ணீரை மரியாதையாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தது. பக்கத்து வீடும் மரியாதை தெரிந்த வீடுதான்.

மணி பத்தரை. எல்லாவற்றையும் உடைத்துப் பெயர்க்க வேண்டும். விருந்து நாளில் தன் வாசலை உடைக்க யார் முன்வருவார்கள்? எல்லாருடைய கண்ணும் பதினான்காம் நம்பர் மேல் இருந்தது. அங்கே லோங்காங்கை ஒட்டித்தான் கூடாரத்தின் முன்கால் நின்றது. இரு பக்கமும் குலை தள்ளிய வாழை. நடுவே பிரேமாவதி விடியற்காலை ஐந்து மணியிலிருந்து கட்டிய பூ வளைவு.

முருகையாவுக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. காலைப் பார்த்தார். அந்தக் கால்கள் அவரைத் தாண்டிப் போய் வளைவின் முன் நின்றன. பிரேமாவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாழையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிடிங்க. ரெண்டரைக்குள்ள திரும்பக் கட்டணும்."

"பிரேமா..."

"உடைங்க. ஆனா கண்டிஷன் கண்டிஷன்தான்."

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்காரரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர் சதாசிவம் ஒருவர்தான்.

"ஒத்தக் கடப்பாரைய வச்சு ராயா வரைக்கும் இடிப்பீங்களா? கடையில மூணு ஜாக்ஹேமர் கெடக்கு. எடுத்தாறேன்." வேனில் ஏறியவர் ஜன்னலை இறக்கினார். "உடைச்சாலும் தண்ணி போகாது, அது வேற விஷயம். ஜாக்ஹேமர் இல்லாததாலதான் தோத்தோம்னு நாளைக்கு நீங்க கதை சொல்லக் கூடாது பாருங்க."

மூன்று ஜாக்ஹேமரும் ஒன்றாக எழுப்பிய சத்தத்தில், கோத்தா கோலா மூடாவில் கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் இடி என்று நினைத்து வலையைச் சுருட்டிக்கொண்டு கரை திரும்பினார்கள். மெர்போக்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். பிச்சை சிமெண்டுக் கட்டிகளை வாரி வாரி லாரியில் போட்டார். சரியாகப் பன்னிரண்டுக்கு இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கி ஒரு மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"பன்னெண்டு ஆயிருச்சே?" என்றார் முருகையா.

"மெஷினுக்குத்தான் பன்னெண்டு. எனக்கு இல்லலா."

அன்று அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

இந்த அமளிக்கு நடுவே முருகையா ஒன்றைக் கவனித்தார். ரம்லி பாக்சிக் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து பிரேமாவதியிடம் கொடுத்தார். மேலே நகராண்மைக் கழகத்தின் முத்திரை. பிரேமாவதி அங்கேயே நின்று பிரித்துப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உறையைக் கோலமாவு டின்னுக்குள் போட்டு மூடினார். என்னவென்று கேட்கலாம் என்று முருகையா வாயெடுத்தார். ஜாக்ஹேமர் அந்தக் கேள்வியைத் தின்றுவிட்டது.

இரண்டே முக்காலுக்குப் பலகைகள் தம்தம் இடத்துக்குத் திரும்பின. வாழை நிமிர்ந்தது. வளைவில் நான்கு பூ குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மழை வந்தது.

சாதாரண மழை அல்ல. ஆறு மாத மழையை யாரோ மூட்டை கட்டிவைத்திருந்து, மூன்றாவது லோரோங்கின் முகவரியைப் பார்த்து அவிழ்த்துக் கொட்டியதுபோல் பெய்தது. அரை மணியில் தெரு தெரியவில்லை. தண்ணீர் கூடாரக் காலில் ஏறி, நாற்காலிகளின் முதல் சட்டத்தைத் தொட்டது.

மாலாவின் கைத்தொலைபேசி ஒலித்தது. மாப்பிள்ளை முகுந்தன், மெர்போக்கிலிருந்து கிளம்பி வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கியிருந்தான்.

"மாலா, அங்க பஞ்சிரா? வெள்ளம் வந்திருச்சா? அப்பா கேக்கிறாரு, வரலாமா, இல்ல வேற நாள் பாத்துக்கலாமான்னு."

மாலா தொலைபேசியைக் கையால் பொத்தினாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. "அப்பா, என்ன சொல்றது?"

முருகையா தெருவைப் பார்த்தார். பத்திரிகைக்குப் பின்னால் போட்ட கணக்கை மனத்துக்குள் ஒரு முறை போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. காலையிலும் எல்லாம் சரியாகத்தான் வந்தது. மஞ்சள் சட்டையின் பொத்தானில் அவர் விரல் போய் நின்றது. ஊர் முழுக்க அளந்துவிட்டு, சொந்த வாசலில் ஒரு சாணைக் கோட்டைவிட்டவன், இன்னும் எதையாவது விட்டிருந்தால்?

"அப்பா."

"வரச் சொல்லு," என்றார்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு மழை விட்டது. சதாசிவம் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிச்சுட்டேன் மாப்ளே."

மூன்றாவது நிமிடம் தண்ணீர் அப்படியே இருந்தது. ஐந்தாவது நிமிடமும் அப்படியே. வீட்டுக்கு வீடு ஜனம் வாசலில் நின்றது. ஏழாவது நிமிடம் சதாசிவம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

எட்டாவது நிமிடம், வளைவிலிருந்து உதிர்ந்து மிதந்துகொண்டிருந்த ஒரு செவ்வந்திப் பூ, யோசிப்பதுபோல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மெல்லக் கால்மாட்டை நோக்கி நகர்ந்தது.

"போகுது," என்றாள் மாலா.

பூவின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குவளை போனது. குவளையின் பின்னால் பதினோராம் நம்பர் வீட்டு ஒற்றைச் செருப்பு. தெருவின் கடைசியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முப்பது வருட அஜீரணத்துக்குப் பிறகு பெரிய வயிறு ஒன்று ஏப்பம் விட்டது போன்ற சத்தம். பிச்சை குழாயருகே நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினார்.

பத்தாவது நிமிடம் நாற்காலிக் கால்கள் வெளியே வந்தன. பன்னிரண்டாவது நிமிடம் சாலையின் நடுமுதுகு தெரிந்தது. பதினைந்தாவது நிமிடம் முழுச் சாலையும் கருகருவென்று படுத்திருந்தது, குளிப்பாட்டி விட்ட எருமைபோல. தண்ணீர் தெளித்துத்தானே கோலம் போடுவது வழக்கம்? அன்று அந்த வேலையை மழையே செய்து வைத்துவிட்டது.

பிரேமாவதி கோலமாவு டின்னோடு சாலை நடுவே போய்க் குனிந்தார். முதல் புள்ளி விழுந்தபோது ரம்லி பாக்சிக் வீட்டுப் பெண்கள் கைதட்டத் தொடங்க, தெரு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. சதாசிவம் கடிகாரத்தைப் பார்த்தார். கையில் கட்டிக்கொண்டார்.

கோலத்தின் கடைசி இழை சேர்ந்தபோது மெர்போக்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் காடிகள் மூன்றும் திரும்பி உள்ளே வந்தன. முகுந்தனின் அப்பா பக்கிரிசாமி, புதுத் தோல் செருப்பு அணிந்த காலைத் தரையில் வைத்தார். பிரேமாவதி அந்தக் காலையே பார்த்தார். அடி மட்டும் ஈரம். விரலில் ஒரு சொட்டு இல்லை.

அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்து, அவர் சட்டையில் கழன்றிருந்த மேல் பொத்தானைத் தானே மாட்டிவிட்டார். பிரேமாவதியின் இடுப்பில் செருகியிருந்த பழுப்பு உறையின் முனையில் கோலமாவு ஒட்டியிருந்தது.

"அது என்ன பிரேமா?"

"அப்புறம். மொதல்ல சம்பந்திய வாங்கன்னு சொல்லுங்க."

"வாங்க சம்பந்தி, வாங்க."

பக்கிரிசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "வழியெல்லாம் பேய் மழை. இங்க தூறல்தான் போல. கோலம்கூட அழியல."

முருகையாவுக்கு உடம்பெல்லாம் வாய் ஆனது. "தூறலா? அரை மணி நேரத்துக்கு முன்னால இந்த எடத்துல முழங்கால் தண்ணி சம்பந்தி. நாக்காலிக் கால் முழுகிப்போச்சு. பதினேழு நிமிஷத்துல வடிய வச்சேன். இந்தக் கோலம் அதுக்கப்புறம் போட்டது."

பக்கிரிசாமி சிரித்தார். அவர் வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள்.

"முதலை டிபன் கேரியரத் தூக்கிட்டு வந்த கதைய மாலா சொல்லியிருக்கு. நீங்க பேசினா நேரம் போறதே தெரியாதாமே சம்பந்தி."

"இல்ல, இது நெசம். கேட்டுப் பாருங்க..."

முருகையா திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வீட்டு ஜனமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கலப்படமில்லாத உண்மையைச் சொல்கிறார், கேட்க ஆளில்லை.

பக்கிரிசாமி சதாசிவத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க கடை வச்சிருக்கிறவரு, நிதானமான ஆளுன்னு கேள்விப்பட்டேன். நீங்க சொல்லுங்க. உங்க மாப்ள சொல்றது உண்மையா?"

முருகையா மைத்துனரின் முகத்தையே பார்த்தார். சதாசிவம் சாலையைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், காலைவரை ஒரு சாண் உயரத்துக்குத் தன் பாசம் படுத்திருந்த லோங்காங்கைப் பார்த்தார். அதில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னது தப்பு சம்பந்தி," என்றார்.

முருகையாவின் தோள் இறங்கியது.

"பதினேழு இல்ல. பதினாறு. கடிகாரம் என் கையிலதான் இருந்துச்சு, நான் பாத்தேன்."